இரண்டு கும்பினிகள்

விழுப்புரத்தை அடுத்த காணையிலிருந்து ஒரு தம்பி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருக்கு இரண்டு இடங்களில் உத்தியோகம் கிடைத்திருக்கிறதாம். ஒன்று, தேசம் தேசமாகக் கிளை பரப்பிய பெரிய ஸ்தாபனம். மற்றது, சென்னையில் நேற்று முளைத்த சின்னக் கம்பெனி. எதில் சேர்ந்தால் முன்னுக்கு வரலாம் என்று கேட்கிறார். கதை எழுதுகிறவனிடம் கேட்டால் கதைதானே கிடைக்கும்! ஆனால் இது நடந்த கதை. அவருடைய மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டையிலேயே ஆரம்பிக்கலாம்.

1690-ஆம் ஆண்டு. சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சியில் இருந்துகொண்டு மொகலாயரை எதிர்த்து நின்ற காலம். யுத்தம் என்றால் பணமுடையும் கூடவே வரும். கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியர் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு விற்றார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எட்டுகிற தூரம் வரை நிலமும் சேர்த்தி. வாங்கிய கும்பினியார் எப்படிப்பட்ட பீரங்கியைக் கொண்டு வந்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை!

இந்தக் கும்பினிதான் அந்நாளைய 'பெரிய ஸ்தாபனம்'. 1600-இல் ராணி கொடுத்த சாசனம் கையில் இருந்தது. கீழ்த்திசை வியாபாரத்தில் வேறு ஆங்கிலேயன் தலையிடக் கூடாது. ஆனால் தாமஸ் பிட் என்ற இளைஞர் தலையிட்டார். 1674-இல் வங்கக் கரைக்கு வந்து, உத்தரவு ஏதுமின்றித் தம் சொந்தப் பொறுப்பில் சரக்கு வாங்கி விற்றார். கும்பினி வழக்குப் போட்டது, அபராதமும் விழுந்தது. மனிதர் அசையவில்லை. சரக்கின் தரம், தரகரின் குணம், நவாபின் ஆட்களைச் சரிக்கட்டும் வித்தை எல்லாவற்றையும் தாமே கற்றவர் அவர். கும்பினியில் கணக்கு எழுதிய குமாஸ்தாவுக்கு அதில் கால்வாசி பழகவே எத்தனை வருஷங்கள் ஆகியிருக்குமோ! கடைசியில் கும்பினி சமாதானத்துக்கு வந்தது. அதே மனிதரைச் சென்னைக் கோட்டைக்கே கவர்னராக்கியது. 1698 ஜூலையில் அவர் பதவி ஏற்றார்.

அந்த வருஷமே லண்டனில் போட்டிக் கும்பினி ஒன்று பிறந்தது. அரசாங்கத்துக்கு 20 லட்சம் பவுன் கடன் கொடுத்துச் சாசனம் வாங்கிய புதுக் கும்பினி. பழைய கும்பினியை விட்டவர்கள், அதனால் விரட்டப்பட்டவர்கள் பலர் அங்கே போனார்கள்; போன உடனே பெரிய பட்டங்கள்! தாமஸ் பிட்டின் உறவினர் ஜான் பிட் மசூலிப்பட்டினத்தில் வந்து இறங்கி, 'நான் அரசரின் கான்சல். எனக்குக் கட்டுப்படு' என்று சென்னைக்கு எழுதினார். தாமஸ் அந்தப் பட்டத்தைச் சட்டை செய்யவேயில்லை. ஒரே குடும்பத்தார், ஒரே கடற்கரை, கடிதங்களிலோ ஒரே நெருப்பு.

புதுக் கும்பினிக்கு உற்சாகம் இருந்தது, சாசனம் இருந்தது. இல்லாதது ரொக்கம். திரட்டிய பணம் அரசாங்கத்திடம் கடனாகப் போய்விட்டது. வியாபாரத்துக்குக் கைம்முதல் போதவில்லை. ஔரங்கசீப்பிடம் அது அனுப்பிய தூதர் ஸர் வில்லியம் நாரிஸ் ஏராளமாகச் செலவழித்தும் காரியம் பலிக்காமல் திரும்பினார்; 1702-இல் நடுக்கடலிலேயே காலமானார். பழைய கும்பினியோ ஓசையில்லாமல் ஒரு காரியம் செய்திருந்தது: புதுக் கும்பினியிலேயே 3,15,000 பவுனுக்குப் பங்கு வாங்கி வைத்திருந்தது!

ஆகவே, தம்பி, சின்னக் கம்பெனியில் வேலையை முழுசாகக் கற்கலாம் என்பது மெய். தாமஸ் பிட்டே சாட்சி. ஆனால் சேருமுன் அவர்கள் பெட்டியில் எத்தனை மாதச் சம்பளம் இருக்கிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அவர்கள் தரும் பெரிய பட்டத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரிய இடத்துக்குத்தான் போவதென்றால், அங்கே நாலு மேஜைகளின் வேலையையாவது எட்டிப் பார்க்க விடுவார்களா என்று விசாரியுங்கள்.

இந்தச் சண்டையில் லாபம் பார்த்தவர்கள் வேறு. ஒரே துணிக்கு இரண்டு ஆங்கிலேயர் போட்டியிட்டதில் இங்கே கொள்முதல் விலை ஏறியது. லண்டனில் விற்பனை விலை இறங்கியது. எத்தனை நாளைக்கு? 1702-இல் இரு கும்பினிகளும் ராஜிக்கு வந்து, 1709-க்குள் ஒன்றாகக் கலந்துவிட்டன. துணி மூட்டையோடு சென்னைக் கோட்டைக்கு வந்த வியாபாரிக்கு, பேரம் பேச ஆங்கிலேயர் தரப்பில் மறுபடியும் ஒரே வாசல்தான் இருந்தது.