கடல் கடந்து வந்த காசு

புதிதாக ஒரு நாட்டிற் குடியேறுபவன் அந்நாட்டின் மொழியையும் உணவையும் தட்பவெப்பத்தையும் சில மாதங்களிற் பழகிக்கொள்கிறான். ஆனால், பெருந்தொகை ஒன்றை ஊருக்குச் செலுத்துவதற்காக வங்கியின் வாயிலில் நிற்கும் நாளிலே தான் அந்நியன் என்பதை மீண்டும் உணர்கிறான். கையிலுள்ள பணம் அவனுடைய உழைப்பின் பயனே. எனினும் அவன் யார் என்பதை அங்கே எவரும் அறியார். யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் இவ்விடரை நேற்று இன்று கண்டவர் அல்லர். அவர்கள் மலாயாவுக்குச் செல்லத் தொடங்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு இது அவர்களோடு உடன்வந்துள்ளது.

மலாயாவின் முதற் புகையிரதப் பாதை தைப்பிங் நகரிலிருந்து போட் வெல்ட் துறைவரை 1885ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதனை அமைக்கும் பணியில் இலங்கையிலிருந்து சென்ற பயனியர் படையினர் ஈடுபட்டனர். இலங்கைப் பொதுவேலைப் பகுதியிற் பணியாற்றிய சி. ஈ. ஸ்பூனர் 1891ஆம் ஆண்டு சிலாங்கூர் அரசின் பொறியியலாளராகச் சென்று, பின்னர் 1901இல் மலாய்க் கூட்டு நாடுகளின் புகையிரதப் பகுதித் தலைவரானார். இலங்கையரின் திறனை அறிந்த இத்தகைய அதிகாரிகள் அங்கே இருந்தமை நம்மவர்க்கு வழிதிறந்தது. வட்டுக்கோட்டையில் 1823ஆம் ஆண்டு செமினறி தொடங்கிய காலமுதல் குடாநாட்டில் வளர்ந்த ஆங்கிலக் கல்வி, கணக்கெழுதவும் கடிதம் வரையவும் வல்ல இளைஞரை ஆண்டுதோறும் உருவாக்கியது. ஊரிலே அவர்க்கெல்லாம் உத்தியோகம் இல்லை. ஆகவே எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் நில அளவைப் பகுதி ஊழியராகவும் அவர்கள் கப்பலேறினர்.

அவ்வாறு சென்றவர் பலர் கடனோடு சென்றனர் என்பதை மறத்தலாகாது. கப்பற் செலவுக்கும் முதற் சில மாதச் சீவனத்துக்கும் தாயின் நகை அடகு போயிற்று. அல்லது தந்தையின் காணி ஈடாகவோ ஒற்றியாகவோ வைக்கப்பட்டது. ஈட்டிலே வட்டி ஏறும். ஒற்றியிலே வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவைக் கடன் கொடுத்தவர் அனுபவிப்பார். 1707ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் எழுத்திற் பதித்த தேசவழமை, ஒற்றிக் காணியை மீட்பதற்குப் பயிர்வகையை ஒட்டிய பருவத்தையும் கருத்திற் கொண்டது. ஆகவே மலாயாவிலிருந்து வரவேண்டிய தொகை உரிய பருவத்துக்குப் பிந்தி வந்தால், இன்னும் ஒரு போகத்தின் விளைவு பிறர் வீட்டுக்குப் போய்விடும். பங்காளர் காணி விற்கும்போது அதனை முதலில் வாங்கும் உரிமையும் வழமையில் உண்டு. ஆனால், காசை வேளைக்கு வைக்க இயலாதவர்க்கு அவ்வுரிமையாற் பயன் என்ன? தங்கையின் சீதனமும் அவ்வாறே முகூர்த்த நாளுக்குக் கட்டுப்பட்டது. இவையெல்லாம் மாதச் சம்பளத்தை மீறிய தொகைகள். அன்றியும் நாள் தவறக்கூடாத தொகைகள்.

சிறு தொகைகளுக்குத் தபாற் கந்தோர் துணைசெய்தது. மணியோடர் என்று ஊரார் வழங்கிய காசுக்கட்டளை குடாநாட்டின் அடுப்புகளை எரியவைத்தது. பிற்காலத்திலே யாழ்ப்பாணத்தின் வாழ்வையே ‘மணியோடர் பொருளாதாரம்’ என்று சொல்லுமளவுக்கு அது வேரூன்றியது. ஆனால் ஒரு கட்டளைக்கு உச்சத் தொகை உண்டு. ஒற்றி மீட்கும் பணத்தைத் துண்டு துண்டாக அனுப்பின் கட்டணம் பெருகும். அனுப்பிய துண்டுகள் வீட்டுச் செலவிற் கரைந்துபோகவும் கூடும்.

பெருந்தொகைக்கு வழி வங்கி. சாட்டர்ட் வங்கி 1888ஆம் ஆண்டு தைப்பிங்கிற் கிளை திறந்தது. எனினும் அக்கால வங்கிகள் தோட்ட முதலாளிமாரையும் ஈய வணிகரையும் கருதி எழுந்தவை. புதிதாக வந்த ஓர் எழுதுவினைஞனை அங்கே அறிமுகம் செய்துவைக்க ஒருவர் வேண்டும். பகுதித் தலைவரின் கடிதமோ, முன்னரே கணக்கு வைத்திருந்த ஊரவர் ஒருவரின் சொல்லோ அதற்குத் துணையாயிற்று. வரைவைப் பெற்ற பின்னரும் இடர் தீர்ந்ததில்லை. சாட்டர்ட் வங்கியின் இலங்கைக் கிளை கொழும்பிலேயே இருந்தது. கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்த புகையிரதப் பாதை 1905ஆம் ஆண்டிலேதான் முற்றுப்பெற்றது. கொழும்பிலே மாற்றவேண்டிய ஒரு தாளைக் கையில் வைத்திருக்கும் கிராமத்து முதியவருக்கு அது உடனே பணமாகிவிடாது. சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் ஆகியவற்றை இணைத்த கடலடித் தந்தி 1871ஆம் ஆண்டளவிலேயே இயங்கியதாயினும், தந்திவழிப் பணம் அனுப்பும் செலவு சாதாரண உத்தியோகத்தர்க்கு எளிதன்று.

இவ்விடைவெளியை நிரப்பியவருள் நாட்டுக்கோட்டைச் செட்டிமாரும் இருந்தனர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கொழும்பிலும் அவர்களுக்குக் கிட்டங்கிகள் உண்டு. ஓரிடத்திற் பணம் வாங்கி, மற்றோரிடத்துத் தம் ஆள்மீது உண்டியல் எழுதிக்கொடுப்பர். கண்டவுடன் செலுத்தவேண்டியது தரிசன உண்டியல். நாள் குறித்துச் செலுத்தவேண்டியது தவணை உண்டியல். வங்கி தாளைக் கண்டு நம்பியது. செட்டியார் ஆளைக் கண்டு நம்பினார்.

ஆனால் வங்கி ஒருவனை நம்புவது மாத்திரம் போதாது. அவனும் வங்கியை நம்பவேண்டும். அந்நம்பிக்கை ஒருமுறை கடுமையாகக் குலைந்தது. இலங்கையில் நாணயத்தாள் வெளியிட்டுவந்த ஓரியண்டல் வங்கி 1884ஆம் ஆண்டு மே மாதம் கதவடைத்தது. தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அதன் தாள்களுக்கு அரசாங்கத்தின் பொறுப்பை அளித்து மக்களின் கலக்கத்தைத் தணித்தார். அதன் பயனாக அரசாங்கமே நாணயத்தாள் வெளியிடும் முறை பிறந்தது. வங்கியில் வைப்பிட்டவர்க்கோ அத்தகைய பாதுகாப்புக் கிட்டவில்லை. காசைப் பெட்டகத்திலும் நகையிலும் காணியிலும் வைத்த பழைய தலைமுறையினரைப் பேதையர் என்று எண்ணுவோர் இந்நிகழ்ச்சியை நினைத்தல் வேண்டும்.

அடுத்த இடர் நாணயமாற்றிலே தோன்றியது. ஆதியில் மலாயாவின் டொலரும் இலங்கையின் ரூபாவும் வெள்ளி நாணயங்களே. வெள்ளியின் நிறையைக் கொண்டு நோக்கின் ஒரு டொலர் ஏறக்குறைய இரண்டேகால் ரூபா பெறும். 1893ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் பொதுமக்கள் வெள்ளியைக் கொடுத்து ரூபா அச்சிடும் உரிமையை நிறுத்தியது. இலங்கையில் வழங்கியதும் இந்திய ரூபாவே. அது நாளடைவில் ஒரு சிலிங் நாலு பென்ஸ் என்ற விலையில் நிலைபெற்றது. டொலரோ வெள்ளியோடு சேர்ந்து வீழ்ந்து, 1902ஆம் ஆண்டின் இறுதியில் ஒன்றேகால் ரூபாவையும் எட்டாத நிலைக்கு வந்தது. 1906ஆம் ஆண்டு இரண்டு சிலிங் நாலு பென்ஸ் என்று அதன் மதிப்பு நிலைநிறுத்தப்பட்டபோது, ஒரு டொலர் ஒன்றேமுக்கால் ரூபாவாயிற்று.

இதனை ஒரு குடும்பத்தின் கணக்காகப் பார்த்தால் பொருள் விளங்கும். ஊரிலுள்ள ஒற்றி ஆயிரம் ரூபா என்று கொள்வோம். பழைய வெள்ளி மதிப்பில் அதற்கு ஏறக்குறைய 440 டொலர் போதும். 1902இன் இறுதியில் 800 டொலருக்கு மேல் வேண்டும். 1906இன் பின் 571 டொலர் ஆகும். உறுதியில் எழுதப்பட்ட கடனோ ஒரு சதமேனும் கூடவில்லை. டொலரிற் சம்பளம் பெற்று ரூபாவிலே கடன் தீர்க்கவேண்டியிருந்த மகன், தன் குற்றம் எதுவுமின்றி மேலும் பல மாதங்கள் உழைக்க நேர்ந்தது. அவன் சிக்கனமற்றவன் என்று ஊரிலே பேச்செழுந்திருப்பின், அப்பேச்சுக்குக் காரணம் இலண்டன் வெள்ளிச் சந்தையிலே இருந்தது.

இத்தகைய அனுபவங்கள் நம்மவரைச் சங்கங்களாகச் சேரத் தூண்டின. மலாய்க் கூட்டு நாடுகளிற் கூட்டுறவுச் சங்கச் சட்டம் 1922ஆம் ஆண்டு வந்தபின், கோலாலம்பூரில் யாழ்ப்பாணத்தாரின் கூட்டுறவுச் சங்கமும் தோன்றியது. அறிமுகமற்ற இளைஞனுக்கு அங்கே அறிமுகம் கிடைத்தது. சேமிப்பும் கடனும் ஒரே கூரையின் கீழ் வந்தன. ஊரிலே காணி வாங்கவும் உறுதி முடிக்கவும் தந்தைக்கோ மாமனுக்கோ அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்புவதும் வழக்கமாயிற்று. பணம் வங்கிவழி வர, கையெழுத்து நொத்தாரிசின் முன் நடந்தது.

இலங்கையிலும் மாற்றம் வந்தது. சேர் சொராப்ஜி பொச்கானவாலா தலைமையில் 1934ஆம் ஆண்டு அமைந்த வங்கி ஆணைக்குழு, நாட்டவர்க்குரிய வங்கியின் தேவையை ஆராய்ந்தது. 1939ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இலங்கை வங்கி தொடங்கியது. ஆனால் நல்ல காலம் நீடிக்கவில்லை. 1941 டிசம்பரில் யப்பானியர் மலாயாவிற் புகுந்தனர். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மூன்றரை ஆண்டு ஊருக்குப் பணம் வரும் வழி அடைபட்டது. மாதந்தோறும் வந்த காசை நம்பியிருந்த இல்லங்கள் தோட்டத்தையும் பனையையும் நோக்கித் திரும்பின. ஆட்சியாளர் அச்சிட்ட தாள்களோ போர் முடிந்ததும் பெறுமதியிழந்தன.

போருக்குப்பின் வழி திறந்தபோது வேறொரு வாயிற்காவலன் நின்றான். 1950இல் மத்திய வங்கி தோன்றியது. 1953ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நாட்டைவிட்டு வெளியேறும் பணத்தை அனுமதிக்கு உட்படுத்தியது. முன்னர் மகனின் பணத்துக்குத் தந்தை காத்திருந்தார். இப்பொழுது இலண்டனிற் படிக்கும் மகன் தந்தையின் பணத்துக்குக் காத்திருந்தான். அறுபது ஆண்டுக்கு மேல் நின்ற அச்சட்டத்தை நீக்கி, 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது.

1983ஆம் ஆண்டு வன்செயலுக்குப்பின் குடாநாட்டவர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் பெருந்தொகையாகக் குடியேறினர். போர்க்காலத்தில் உண்டியல் என்ற பழஞ்சொல் மீண்டும் வழக்கில் வந்தது. அங்கே பணம் கொடுத்தால் இங்கே வீடு தேடிவந்து கொடுப்பர். ஆனால் பெருந்தொகையிற் காணி வாங்குபவர்க்கு அம்முறை போதாது. பணம் வந்த வழியைக் காட்டும் தாள் அதில் இல்லை. இன்று கனடாவில் பத்தாயிரம் டொலரும் அதற்கு மேலும் நாட்டெல்லை கடந்து அனுப்பப்படின், வங்கி அதனை அரசாங்கத்துக்கு அறிவிக்கும். இலங்கையிலும் 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பெருந்தொகைகள் அறிவிக்கப்படவேண்டியன. இவ்விதிகள் அனுப்புபவரைக் கள்வரென்று கருதி எழுந்தவை அல்ல. ‘நீர் யார்? இப்பணம் எங்கிருந்து வந்தது?’ என்ற பழைய வினாவையே அவை கேட்கின்றன.

தைப்பிங்கிலே அவ்வினாவுக்கு விடையாக ஊரவர் ஒருவர் உடன் சென்றார். இன்று சம்பளச் சீட்டும் வதிவிடச் சான்றும் உறுதியின் பிரதியும் அவருக்குப் பதிலாகச் செல்கின்றன. முகூர்த்தமும் உறுதி முடிக்கும் நாளும் நெருங்கியபின் இவற்றைத் தேடுவதிலும், குடியேறிய முதல் மாதத்திலேயே கணக்கைத் திறந்து அவற்றை ஒழுங்காகச் சேர்த்து வைத்தலே, மலாயாவுக்குச் சென்ற முன்னோரின் அனுபவம் இன்றைய தலைமுறைக்குத் தரும் பாடமாகும்.