இயற்கைப் பாடமும் சுற்றுச்சூழற் கல்வியும்

சுற்றுச்சூழற் கல்வியின் வரலாற்றை எழுதப் புகுவார் பலர், 1972-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரிற் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாட்டைத் தொடக்கமாகக் கொண்டு, அதன்பின் நிகழ்ந்த மாநாடுகளை ஆண்டு முறையில் அடுக்கிச் செல்வர். அஃது எளிய வழி. ஆயின், அம்மாநாடுகள் வேண்டிய கல்வியின் பெரும்பகுதியை, அவற்றுக்கு எண்பது ஆண்டுகட்கு முன்னரே பள்ளிகளில் நடத்திப் பார்த்த இயக்கம் ஒன்று உண்டு. இயற்கைப் பாடம் என்னும் பெயரால் அமெரிக்க நாட்டிற் பரவிய அவ்வியக்கம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் செழித்துப் பின்னர்த் தேய்ந்தது. அது தேய்ந்தமைக்குக் காரணம் யாது, பின்வந்த கல்வி அதனிடமிருந்து எதனைக் கொண்டது, எதனை விட்டது என்பன ஆராயத்தக்கன. மாநாட்டு அறிக்கைகளை மட்டும் கற்பார்க்கு இவ்வினாக்கள் எழுவதே இல்லை.

முதற்கண் சொல்லை நோக்குவோம். ஆங்கிலத்தில் 'என்விரான்மென்ட்' என்னும் சொல் இன்றைய பொருளுக்கு அணித்தாக வழங்கத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயாம். கெதே என்னும் செருமானியப் புலவரைப் பற்றி 1828-இல் எழுதிய தாமஸ் கார்லைல், செருமானியச் சொல்லொன்றுக்கு நேராக அதனை ஆண்டார். பின்னர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் முதலியோர் கைப்பட்டு அஃது உயிர்நூற் கலைச்சொல்லாயிற்று. தமிழில் சுற்றுப்புறம், சூழ்நிலை, சூழல், சுற்றுச்சூழல் எனப் பல சொற்கள் இதற்கு வழங்குகின்றன. சுற்று, சூழ் என்னும் இரண்டும் பொருளால் நெருங்கியன ஆதலின், சுற்றுச்சூழல் என்பது மிகைச்சொல் எனக் குறை கூறுவாரும் உளர். ஒருபொருட் பன்மொழியை நம் இலக்கணம் ஏற்றுக்கொண்டமையின் அக்குறை பெரிதன்று. நாம் கருதத்தக்கது வேறொன்று. 'இயற்கை' என்னுமிடத்து, காண்பான் ஒருவனை நினையாமலே மரத்தையும் பறவையையும் நினைத்தல் கூடும். 'சூழல்' என்ற அளவிலோ, சூழப்படுவான் ஒருவன் நடுவே வந்து நின்றுவிடுகின்றான். இப்பெயர் மாற்றத்தோடு பாடத்தின் நடுப்பொருளும் மாறியதைப் பின்னர்க் காண்போம்.

ஈண்டு ஓர் இடைப்பிறவரல். தொல்காப்பியப் பொருளதிகாரம் கூறும் முதற்பொருள், கருப்பொருள் என்னும் பகுப்பையே சுற்றுச்சூழற் கல்வியின் தோற்றுவாயாகக் காட்டுவார் சிலர். நிலமும் பொழுதும் விலங்கும் மரமும் தொழிலும் ஒருங்கு வைத்து எண்ணப்பட்டமை பழந்தமிழரின் கூரிய நோக்கைப் புலப்படுத்தும் என்பதில் ஐயமில்லை. எனினும் அது செய்யுள் செய்வார்க்கு வகுத்த நெறி. சிறார்க்கு எவ்வாறு கற்பித்தனர் என்பதற்கு அதனிற் சான்று தேடுதல் பொருந்தாது. நூலுக்கில்லாத பெருமையை நூலின்மேல் ஏற்றுதல் அந்நூலுக்குச் செய்யும் சிறப்பாகாது.

பொருளை நேரிற் கண்டு கற்றல் வேண்டும் என்னும் கொள்கை ஐரோப்பாவிற் பழையது. கொமீனியஸ் 1658-இல் வெளியிட்ட படநூலும், ரூசோ 1762-இல் எழுதிய 'எமீல்' என்னும் நூலும், சுவிட்சர்லாந்தில் பெஸ்டலாட்சி நடத்திய பள்ளிகளும் கல்வி வரலாறு கற்றார் யாவரும் அறிந்தனவே. அவற்றை விரித்தல் வேண்டா. அக்கொள்கையை அமெரிக்காவில் ஆசிரியர் பயிற்சியாக மாற்றியவர் லூயி அகாசி என்னும் உயிர்நூற் பேராசிரியர். சுவிட்சர்லாந்திற் பிறந்து ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய இவர், மாணவனிடம் சாராயத்தில் இட்ட மீன் ஒன்றைக் கொடுத்து, கருவியும் நூலுமின்றி அதனையே பார்த்துக் கொண்டிருக்கப் பணிப்பார். சாமுவேல் ஸ்கடர் என்னும் மாணவர் மூன்று நாள் ஒரே மீனைப் பார்க்க நேர்ந்த செய்தியைப் பிற்காலத்தில் தாமே எழுதியுள்ளார். வரைந்து பார்த்தபொழுதுதான் அதுகாறும் காணாதன பல கண்ணிற் பட்டன என்பது அவர் கண்ட பயன்.

1873-ஆம் ஆண்டுக் கோடையில், மாசசூசெட்ஸ் கடற்கரையை அடுத்த பெனிக்கீஸ் என்னும் சிறு தீவில், ஏறத்தாழ ஐம்பது ஆசிரியரையும் மாணவரையும் கூட்டி அகாசி ஒரு பள்ளி தொடங்கினார். தீவையும் ஐம்பதினாயிரம் டாலர்ப் பொருளையும் அளித்தவர் ஜான் ஆண்டர்சன் என்னும் நியூயார்க் வணிகர். அங்குப் பெண்களும் ஆண்களோடு ஒருங்கு பயின்றனர். அக்காலத்தில் அஃது அரிது. அவ்வாண்டு டிசம்பரில் அகாசி மறைந்தார். மறு கோடையோடு பள்ளியும் முடிந்தது. இரண்டே கோடை நடந்த பள்ளியாயினும், அதிற் பயின்றார் பல ஊர்களிற் சென்று ஆசிரியராயினமையின் அதன் பயன் நெடிது சென்றது. அகாசி டார்வினின் கொள்கையை இறுதிவரை ஏற்றிலர். மனித இனங்கள் தனித்தனியே படைக்கப்பட்டன என அவர் கூறிய கருத்து இன்று முற்றும் கைவிடப்பட்டதோடு கண்டிக்கவும் படுகின்றது. கற்பிக்கும் முறையிற் சிறந்தார் கருத்தனைத்தினும் சிறந்தாராதல் இல்லை என்பதற்கு அவர் ஒரு சான்று.

'இயற்கைப் பாடம்' என்னும் பெயர் நிலைபெற உதவியது, சிக்காகோவில் வில்பர் ஜாக்மன் 1891-இல் பொதுப் பள்ளிகட்கென எழுதிய நூல். ஆயின் அப்பாடத்தை ஊர்தோறும் பரப்பியது நியூயார்க் மாநிலத்துக் கார்னெல் பல்கலைக்கழகமே. அதற்குத் தூண்டுதல் இயற்கைக் காதல் மட்டும் என்று கருதற்க. 1890-களில் நிகழ்ந்த பொருளாதார வீழ்ச்சியால் உழவர் நிலத்தை விட்டு நியூயார்க் நகரை நோக்கிப் பெயர்ந்தனர். நகரில் வறியோர்க்கு உதவும் செலவு பெருகிற்று. உழவர் மக்கள் தம் நிலத்தை விரும்பி அங்கேயே தங்குவதற்கு வழி யாது என ஆராய்ந்தோர், சிற்றூர்ப் பள்ளிகளில் செடியும் பூச்சியும் மண்ணும் கற்பித்தல் வேண்டும் என முடிவு செய்தனர். மாநில அரசு பொருளுதவி செய்தது. கார்னெல் வேளாண்கல்லூரி அதனை ஏற்று நடத்தியது. எனவே, மக்கள் இடம்பெயர்தலாகிய சமுதாயச் சிக்கலுக்கு மருந்தாகவே இயற்கைப் பாடம் அங்குப் புகுந்தது. பிற்காலத்துச் சுற்றுச்சூழற் கல்வியைச் 'சிக்கல் நோக்கிய கல்வி' எனவும், இயற்கைப் பாடத்தை 'வெறும் அழகுணர்ச்சி' எனவும் வேறுபடுத்துவோர் இவ்வரலாற்றை மறந்துவிடுகின்றனர்.

கார்னெலில் இப்பணியைத் தாங்கியவர் மூவர். லிபர்ட்டி ஹைடு பெய்லி தோட்டக்கலைப் பேராசிரியர். 1903-இல் இயற்கைப் பாடத்தின் கொள்கையை ஒரு நூலாக எழுதினார். இயற்கைப் பாடம் அறிவியலைக் கற்பித்தலன்று, குழந்தைக்கும் அது வாழும் உலகுக்கும் உள்ள உறவை வளர்த்தலே என்பது அவர் துணிபு. ஜான் ஸ்பென்சர் தாமே உழவர்; 'ஜான் மாமா' என்ற பெயரால் சிறார் மன்றங்களை அமைத்து, அவர்கள் எழுதிய கடிதங்கட்கெல்லாம் விடை எழுதி வந்தார். மூன்றாமவர் அன்னா பாட்ஸ்ஃபோர்டு காம்ஸ்டாக் அம்மையார். 1899-இல் அவருக்குத் துணைப் பேராசிரியர் பதவி அளிக்கப்பட்டது. பெண் ஒருவர்க்கு அத்தகுதி தருவதை ஆட்சிக்குழுவினர் சிலர் எதிர்த்தமையின், மறு ஆண்டே அது விரிவுரையாளர் எனக் குறைக்கப்பட்டது. 1913-இல் அப்பதவியை மீளப் பெற்றார், 1920-இல் பேராசிரியரானார்.

அம்மையார் 1911-இல் வெளியிட்ட 'இயற்கைப் பாடக் கையேடு' தொள்ளாயிரம் பக்கத்திற்கு மேற்பட்ட பெருநூல். விலங்கு, செடி, மண், விண் என விரியும் அந்நூலின் ஒவ்வொரு பாடமும் ஒரே அமைப்புடையது. ஆசிரியர் அறியவேண்டிய செய்தி முதலில் வரும். பின்னர்ப் பாடத்தின் தலைமைக் கருத்தும் நடத்தும் முறையும் அமையும். இறுதியில், மாணாக்கர் நேரிற் கண்டு விடை காணவேண்டிய வினாக்கள் அடுக்கப்பட்டிருக்கும். விடைகள் வினாக்களோடு தரப்படவில்லை. ஆசிரியர்க்கு விடை தெரியாதபொழுது, தெரியாது எனக் கூறி மாணாக்கரோடு சேர்ந்து தேடுதலே முறை என அம்மையார் அறிவுறுத்துகின்றார். பள்ளியாசிரியர்க்கு இத்துணை உரிமையும் மதிப்பும் அளித்த பாடநூல் வேறொன்று அக்காலத்தில் இருந்ததாக நாம் அறிந்திலம். நூல் பலமுறை பதிப்பிக்கப்பட்டு இன்றும் அச்சில் உள்ளது.

இத்துணைச் சிறப்புடைய இயக்கம் தேய்ந்தது ஏன்? விலங்குகட்கு மனித உணர்ச்சியை ஏற்றிக் கதை புனைந்தோரால் இயற்கைப் பாடத்துக்கு இழுக்கு நேர்ந்தது என்பர். 1903-இல் ஜான் பர்ரோஸ் அத்தகைய எழுத்தாளரைக் கண்டித்தார். 1907-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே அப்பூசலில் தலையிட்டார். 1927-இல் ஜெரால்டு கிரெய்க் என்பார் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் தொடக்கநிலை அறிவியலுக்கென வகுத்த திட்டம், பொதுவிதிகளை வரிசைப்படக் கற்பிப்பதாய் இயற்கைப் பாடத்தின் இடத்தைப் பற்றிக்கொண்டது. இவை உண்மையே. ஆயினும் தலையாய காரணம் பாடத்தின் இயல்பிலேயே இருந்தது என்பது எம் கருத்து. ஓடைக்கரைப் பள்ளியின் பாடமும் மலைச்சாரற் பள்ளியின் பாடமும் ஒன்றாதல் இயலாது. ஒன்றாகாதபொழுது ஒரே வினாத்தாளும் இயலாது. நாடெங்கும் ஒரே அளவுகோலால் மாணாக்கரை அளக்க விரும்பும் கல்வித்துறைக்கு, அளவுக்கு அடங்காத பாடம் சுமையாகவே தோன்றும்.

இதே காலத்தில் ஸ்காட்லாந்திற் பிறிதொரு வழி காணப்பட்டது. உயிர்நூல் கற்றுப் பின் நகர ஆராய்ச்சியிற் புகுந்த பாட்ரிக் கெடிஸ் (1854-1932), எடின்பரோ நகரில் 1892-இல் காட்சிக் கோபுரம் ஒன்றை அமைத்தார். உச்சியில் இருட்டறைப் படக்கருவி சுற்றிலும் உள்ள நகரைக் காட்டும். கீழே இறங்க இறங்க அந்நகர், அந்நாடு, ஐரோப்பா, உலகம் என அறிவு விரியும். மரமும் ஆறும் போலவே தெருவும் தொழிலும் மக்களும் ஆராயத்தக்க சூழலே என அவர் கொண்டமை, காம்ஸ்டாக் அம்மையாரின் நூலில் இல்லாத விரிவு.

கெடிசுக்கும் தமிழகத்துக்கும் நேரிய தொடர்பு உண்டு. சென்னை ஆளுநர் பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பின்பேரில் அவர் 1914-இல் இந்தியா வந்தார். அவர்தம் நகரக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் கடலில் மூழ்கடித்தது. சென்னையைக் குண்டெறிந்து கலக்கிய அதே எம்டன்தான். மீண்டும் திரட்டிய பொருள்களைக் கொண்டு 1915-இல் சென்னையிற் கண்காட்சி நடந்தது. மதுரை, தஞ்சை முதலிய ஊர்களைத் தெருத்தெருவாக நடந்து பார்த்து அவர் எழுதிய அறிக்கைகள், பழைய தெருக்களை இடித்து நேராக்காமல் சிறு திருத்தங்களாற் காத்தல் வேண்டும் என வற்புறுத்தின. கொசுவை அஞ்சி ஊர்க்குளங்களைத் தூர்த்தல் தவறு, மீன் வளர்த்துக் கொசுவை ஒழிக்கலாம் என அவர் இந்திய நகர் பற்றிய அறிக்கைகளில் எழுதினார். அறிக்கைகளை நகராட்சிகள் பெரும்பாலும் பேணவில்லை. 1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியராக இருந்தார். எனினும் அவர்தம் ஊராய்வு முறை நம் பள்ளிப் பாடத்திட்டத்தில் வேரூன்றவில்லை.

1930-களில் அமெரிக்கச் சமவெளியைப் புழுதிப்புயல்கள் அழித்தன. 1935-இல் மண்வளப் பாதுகாப்புத் துறை எழுந்தது; மண்ணையும் நீரையும் காடும் காத்தல் பற்றிய பாடம் பள்ளிகளிற் புகுந்தது. இயற்கையை அறிதல் என்னும் நோக்கம், இயற்கை வளத்தைப் பேணுதல் என மாறியது இக்காலத்திலாம். 1962-இல் ரேச்சல் கார்சன் பூச்சிகொல்லி மருந்துகளின் தீமையை 'மௌன வசந்தம்' என்னும் நூலால் உலகறியச் செய்தபின், மனிதன் செய்யும் கேடே பாடத்தின் நடுப்பொருளாயிற்று. கார்சன் இளமையில் தம் தாயிடம் இயற்கைப் பாட முறையிற் பயின்றவர் என்பது ஈண்டு நினையத்தக்கது.

1969-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்து வில்லியம் ஸ்டாப்பும் உடனிருந்தோரும் சுற்றுச்சூழற் கல்விக்கு இலக்கணம் வகுத்தனர். சூழலையும் அதன் சிக்கல்களையும் அறிந்து, தீர்க்கும் வழியையும் உணர்ந்து, அதன்பொருட்டு உழைக்கும் ஊக்கமும் உடைய குடிமக்களை ஆக்குதல் என்பது அதன் சாரம். 1972-இன் ஸ்டாக்ஹோம் மாநாடு பன்னாட்டுத் திட்டம் ஒன்று வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1975-இல் பெல்கிரேடு நகரிலும், 1977 அக்டோபரில் ஜார்ஜியாவின் திபிலிசி நகரிலும் அறிஞரும் அரசினரும் கூடினர். பெல்கிரேடு சாசனம் விழிப்பு, அறிவு, மனப்பாங்கு, திறன், மதிப்பிடும் ஆற்றல், பங்கேற்பு என ஆறு குறிக்கோள் கூறிற்று. திபிலிசி அறிக்கையில் ஐந்தே உள்ளன. மதிப்பிடும் ஆற்றல் தனித்து எண்ணப்படவில்லை. முன்னது வல்லுநர் கூட்டம். பின்னது அரசுகளின் மாநாடு. அரசின் திட்டங்களைக் குடிமக்கள் மதிப்பிடும் ஆற்றல், அரசுகள் எழுதிய பட்டியலில் தனி இடம் பெறாமற் போனது தற்செயலோ அன்றோ என்பதை ஆராய்வார் துணிக.

இந்தியாவில் 1937-இன் வார்தா மாநாட்டை ஒட்டி ஜாகிர் உசேன் குழு வகுத்த ஆதாரக் கல்வித் திட்டம், கைத்தொழில், இயற்கைச் சூழல், சமுதாயச் சூழல் என்னும் மூன்றையும் பாடத்தின் மையங்களாகக் கொண்டது. பெயரளவிலும் கருத்தளவிலும் இது கெடிசின் நெறிக்கு அணித்தாயது. 1976-இல் அரசியலமைப்பின் 51அ பிரிவு இயற்கைச் சூழலைக் காத்தல் குடிமக்கள் கடமை என்றது. 1984-இல் அகமதாபாத்திலும் 1989-இல் சென்னையிலும் சுற்றுச்சூழற் கல்வி மையங்கள் அமைந்தன. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பர் 22-இல் வழங்கிய ஆணை, திரையரங்குகளில் காட்சிதோறும் சுற்றுச்சூழல் பற்றிய படவில்லைகளைக் காட்டவும், பள்ளி கல்லூரிகளில் அதனைக் கட்டாயப் பாடமாக்கவும் பணித்தது. ஆணை நெடுநாள் நிறைவேறாமையின் 2003 டிசம்பரில் நீதிமன்றம் மீண்டும் வற்புறுத்த நேர்ந்தது. தனிப்பாடமாக வைப்பதா, எல்லாப் பாடத்தினும் கலந்து வைப்பதா என்னும் பூசல் கல்வியாளரிடையே அப்பொழுது வலுத்தது. தனிப்பாடமாயின் தேர்வு உண்டு, ஆசிரியர் உண்டு, பொழுதும் உண்டு. கலந்து வைப்பின் கருத்து நிறைவுடையது, ஆனால் எவரும் பொறுப்பேலார். இரண்டனுள் ஒன்றைத் துணிதல் எளிதன்று.

பட்ட வகுப்பினர்க்கெனப் பல்கலைக்கழக மானியக் குழு அப்பொழுது வகுத்த ஆறு திங்கட் பாடத்தில் ஐம்பது விரிவுரைகள் உள. அவற்றுள் களப்பணிக்கு உரியது ஐந்து விரிவுரைப் பொழுது. நூறு மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு எழுபத்தைந்து, களப்பணிக்கு இருபத்தைந்து. ஆறு, காடு, மலை, புல்வெளி என்றவற்றுள் ஒன்றன் வளங்களைப் பதிந்து வருதலும், மாசடைந்த இடம் ஒன்றைக் கண்டு வருதலும், பொதுவாகக் காணும் செடி, பூச்சி, பறவைகளை அறிதலும், குளம் போன்ற எளிய சூழலமைப்பை ஆராய்தலும் அவ்வைந்து பொழுதுக்குள் அடக்கப்பட்டுள்ளன. இவற்றுள் செடியும் பூச்சியும் பறவையும் காம்ஸ்டாக் அம்மையாரின் கையேட்டில் நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கொண்டவை. மாசடைந்த இடம் அதில் இல்லாதது.