பிறநாட்டுத் தலைவர்களும் நம் பிள்ளைகளும்

நம் சங்கத்தின் மாலைப் படிப்பகத்தில் பாடங்கள் முடிந்த பின்னர், பிறநாட்டுத் தலைவர் ஒருவரைப் பற்றிச் சிறிது நேரம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது நெடுநாளைய வழக்கம். அவ்வாறு ஒருநாள் ஆபிரகாம் லிங்கனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். கையிலிருந்த நூலில் ஒரு சிலையின் படம் இருந்தது. லிங்கன் நிமிர்ந்து நிற்கிறார். ஒரு கையில் விடுதலைப் பிரகடனம். மறு கை நீண்டிருக்கிறது. அந்தக் கையின் கீழே, இடுப்பில் மட்டும் துணி உடுத்த கறுப்பின மனிதர் ஒருவர் மண்டியிட்டிருக்கிறார். அவருடைய விலங்கு அறுபட்டிருக்கிறது. படத்தை உற்றுப் பார்த்த சிறுமி ஒருத்தி, "விலங்குதான் அறுந்துவிட்டதே, இன்னும் ஏன் எழுந்திருக்கவில்லை?" என்று கேட்டாள். அன்று நமக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அந்த வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

பள்ளிப் புத்தகங்களில் பிறநாட்டுத் தலைவர்களுக்குக் குறைவில்லை. ஆயினும் அவர்களைக் காட்டும் முறையில் ஒரு குறை உண்டு. ஜார்ஜ் வாஷிங்டன் என்றால் தந்தையின் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு உண்மையை ஒப்புக்கொண்ட சிறுவன் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அக்கதை, அவர் மறைந்த பின்னர் வாழ்க்கை வரலாறு எழுதிய ஒருவர் கட்டிவிட்டது. ஆனால் வாஷிங்டன் 1799-இல் இறந்தபோது அவருடைய மௌண்ட் வெர்னான் பண்ணையில் 300-க்கும் மேற்பட்டோர் அடிமைகளாய் உழைத்துக்கொண்டிருந்தனர் என்ற செய்தி கட்டுக்கதையன்று, அதுவோ சொல்லப்படுவதில்லை. வாஷிங்டன் பெரிய தலைவரே. நாம் அதை மறுக்கவில்லை. அந்தப் பண்ணையில் மண் சுமந்தவரின் இடத்தில் நின்று பார்க்கும் பிள்ளைக்கு அவர் எப்படித் தோன்றுவார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்கிறோம்.

மண்டியிட்டிருக்கும் அந்த மனிதரைப் பற்றி வினவிக்கொண்டு போனால், நாம் சென்று சேரும் பெயர் பிரடெரிக் டக்ளஸ்.

டக்ளஸ் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 1818-இல் அடிமையாய்ப் பிறந்தார். பிறந்த நாள் இன்னது என்று அவருக்குத் தெரியாது. பிற்காலத்தில் பிப்ரவரி 14-ஆம் நாளைத் தாமே தேர்ந்து வைத்துக்கொண்டார். தாயார் வேறொரு பண்ணையில் வேலை செய்தார். பகலெல்லாம் உழைத்துவிட்டு, இரவில் பல மைல் நடந்து வந்து, மகனை அணைத்துக்கொண்டு சற்றே படுத்திருந்து, விடியுமுன் திரும்பிப் போவார். அப்படித் தாயைக் கண்டதும் நான்கைந்து முறைக்கு மேல் இல்லை என்று அவர் எழுதியிருக்கிறார். அவருக்கு ஏழு வயது இருக்கும்போது தாயார் இறந்துபோனார்.

எட்டு வயதில் அவரைப் பால்டிமோர் நகரில் ஒரு வீட்டுக்கு அனுப்பினர். அவ்வீட்டு எஜமானி சோபியா ஆல்டு என்பவர், இளகிய மனத்தோடு அச்சிறுவனுக்கு எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்தார். மூன்று, நான்கு எழுத்துச் சொற்களைக் கூட்டி வாசிக்கும் அளவுக்கு அவர் வந்தபோது, கணவர் கண்டுகொண்டு தடுத்தார். படிப்பு வந்தால் அடிமை கெட்டுப்போவான், பிறகு எந்த எஜமானுக்கும் அடங்கமாட்டான் என்பது அவர் சொன்ன காரணம். அருகிலிருந்து கேட்ட சிறுவனுக்கு அன்றே ஒன்று விளங்கிவிட்டது. எதைக் கொடுத்தால் தம்மை அடக்கி வைக்க முடியாது என்று எஜமானர் அஞ்சுகிறாரோ, அதுவே தாம் தேடவேண்டிய பொருள். கல்வியின் பயனை இவ்வளவு தெளிவாக எடுத்துச் சொன்ன ஆசிரியர் வேறு எவரும் தமக்கு வாய்க்கவில்லை என்பதுபோல டக்ளஸ் அந்நிகழ்ச்சியை விவரிக்கிறார்.

அதன்பின் அவர் படித்த விதத்தை நம் பிள்ளைகள் வாய்பிளந்து கேட்பார்கள். வெளியே ஏவப்படும்போது ரொட்டித் துண்டுகளை உடன் எடுத்துச் செல்வார். தெருவில் பசியோடு திரியும் ஏழை வெள்ளைக்காரச் சிறுவர்களுக்கு ரொட்டியைக் கொடுத்து, அதற்கு ஈடாகப் பாடம் கேட்டுக்கொள்வார். கப்பல் கட்டும் துறையில் தச்சர்கள் மரத்துண்டுகளில் குறிக்கும் எழுத்துகளைப் பார்த்து எழுதப் பழகினார். வேலியும் செங்கற்சுவரும் அவருக்குக் கரும்பலகை, சுண்ணக்கட்டியே பேனா. பன்னிரண்டு வயதளவில் 50 சென்ட் கொடுத்து ஒரு சொற்பொழிவுத் தொகுப்பு நூலை வாங்கினார். தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவும் இல்லை. பண்ணையில் இருந்த நாள்களில் ஞாயிறுதோறும் மறைவாகப் பள்ளி நடத்தினார். நாற்பது பேர் வரை அதில் படித்தனர். பிடிபட்டால் ஒவ்வொருவருக்கும் கசையடி உறுதி. இரவுப் பள்ளி நடத்தும் நம் தோழர்கள் இந்த இடத்தில் சற்று நின்று நினைத்துப் பார்ப்பார்கள்.

1838-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள், கப்பலோட்டி வேடமணிந்து, இரவல் வாங்கிய ஆவணத்துடன் ரயிலேறித் தப்பினார். பிறகு அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பேச்சாளரானார். அவர் பேச்சின் திறத்தைக் கேட்டவர்கள், இவர் அடிமையாய் இருந்தவரே அல்லர் என்று ஐயுற்றனர். அதற்கு விடையாகவே 1845-இல் தம் வரலாற்றை ஊர் பெயர், ஆள் பெயர் எல்லாம் சொல்லி எழுதி வெளியிட்டார். அதனால் பிடிபடும் ஆபத்து நேர்ந்து கடல் கடந்து போக வேண்டியதாயிற்று. 1847-இல் சொந்தமாகப் பத்திரிகையும் தொடங்கினார்.

இனி லிங்கனிடம் வருவோம். 1863 ஜனவரி 1-ஆம் நாள் விடுதலைப் பிரகடனம் வெளிவந்தது. அது கிளர்ச்சி செய்த மாநிலங்களின் அடிமைகளுக்கு மட்டுமே பொருந்தியது; நாடு முழுவதற்குமான சட்டம் 1865 டிசம்பரில்தான் நிறைவேறிற்று. இவ்விரண்டுக்கும் இடையில், ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் வடபகுதிப் படையில் சேர்ந்து போரிட்டனர். டக்ளசின் பிள்ளைகள் இருவரும் அவர்களில் அடங்குவர். வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர். கறுப்பு வீரருக்கு உடைக்குப் பிடித்தது போக 7 டாலர்! இந்த அநீதியைக் கேட்க 1863 ஆகஸ்டில் டக்ளஸ் நேரே வெள்ளை மாளிகைக்குச் சென்று லிங்கனைச் சந்தித்தார். சம ஊதியச் சட்டம் மறு ஆண்டில் வந்தது. ஆகவே விடுதலை என்பது மேலிருந்து நீட்டப்பட்ட கையால் மட்டும் வந்ததன்று. கேட்டும் போரிட்டும் மாண்டும் பெற்றதில் பாதிக்கு மேல் அவர்களுடையதே.

1876 ஏப்ரல் 14-ஆம் நாள் வாஷிங்டன் நகரில் லிங்கன் பூங்காவில் நாம் படத்தில் கண்ட அந்தச் சிலையைத் திறந்தனர். அதற்கான பணத்தைத் தந்தவர்கள் விடுதலை பெற்ற அடிமைகள். முதல் 5 டாலரைத் தந்தவர் சார்லட் ஸ்காட் என்னும் அத்தகைய பெண்மணி. பணம் அவர்களுடையது, சிலையின் வடிவத்தைத் தீர்மானித்தவர்கள் வேறு. திறப்பு விழாவில் குடியரசுத் தலைவர் கிராண்ட் முன்னிலையில் பேசியவர் டக்ளஸ். லிங்கன் முதலில் வெள்ளையருடைய தலைவர், நாம் அவருக்கு மாற்றாந்தாய்ப் பிள்ளைகளே என்ற கருத்தைக் கூசாமல் சொன்னார். அதே பேச்சில், நாட்டின் மனநிலையோடு வைத்துப் பார்த்தால் லிங்கன் விரைந்து செயல்பட்டவர் என்றும் நன்றியோடு சொன்னார். தலைவரை அளப்பது எப்படி என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் நாம் கண்டதில்லை. சில நாள்களில் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதமும் எழுதினார். கறுப்பின மனிதனை நாற்கால் விலங்கு போல் மண்டியிட்டவனாக அல்லாமல், காலூன்றி நிற்கும் ஆளாகக் காட்டும் சிலை ஒன்றைக் காண விரும்புவதாகவும், அந்தப் பூங்காவில் இன்னொரு சிலைக்கு இடம் இருப்பதாகவும் அதில் எழுதினார். நெடுங்காலம் மறந்து கிடந்த அக்கடிதத்தை ஆய்வாளர்கள் 2020-ஆம் ஆண்டில்தான் மீண்டும் வெளிக்கொணர்ந்தனர். ஆக, நம் படிப்பகத்துச் சிறுமி கேட்ட கேள்வியை டக்ளசே முன்பு கேட்டிருக்கிறார்.

மெக்சிகோ நாட்டின் பெனிட்டோ ஹுவாரஸ் நம் பிள்ளைகள் அறியவேண்டிய மற்றொருவர். இவர் 1806 மார்ச் 21-ஆம் நாள் ஒவாஹாகா மாநிலத்து மலைச் சிற்றூர் ஒன்றில், சாப்போட்டெக் என்னும் பழங்குடியில் பிறந்தார். மூன்று வயதில் தாய் தந்தையரை இழந்தார். மாமன் வீட்டில் ஆடு மேய்த்தார். அவ்வூரில் பள்ளி இல்லை; ஸ்பானிய மொழி அறிந்தாரும் அரியர். வசதியுள்ளோர் பிள்ளைகளை நகரத்துக்குப் படிக்க அனுப்பினர். இல்லாதோர், எழுதப் படிக்கச் சொல்லித் தரவேண்டும் என்ற ஏற்பாட்டின் பேரில் பிள்ளைகளை நகரத்து வீடுகளில் வேலைக்கு விட்டனர். மாமன் ஓய்வு நேரத்தில் சிறிது பாடம் சொல்வார். பாடம் வராவிட்டால் அடிப்பதற்கான கசையைத் தாமே அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்ததாக ஹுவாரஸ் தம் மக்களுக்கென எழுதிய குறிப்புகளில் கூறுகிறார். 1818 டிசம்பரில், பன்னிரண்டு வயதில், ஊரைவிட்டு நடந்தே நகரம் போய்ச் சேர்ந்தார். அங்கு அவருடைய தமக்கை ஒரு வீட்டில் சமையல் வேலையில் இருந்தார். புத்தகம் கட்டுவதைத் தொழிலாகக் கொண்ட சமயத்தொண்டர் ஒருவர் அவரை ஏற்றுக்கொண்டு பள்ளிக்கு அனுப்பினார்.

பள்ளியில் என்ன நடந்தது? மேட்டுக்குடிப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் ஓர் அறையில் பாடம் நடத்தினார். ஏழைப் பிள்ளைகளை வேறோர் அறையில் உதவியாளர் ஒருவரிடம் தள்ளிவிட்டனர். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது, அண்ணல் அம்பேத்கர் வீட்டிலிருந்து கோணிச் சாக்கு கொண்டுபோய் வகுப்பில் தனியே அமர்ந்த செய்தியை அவர்களே எடுத்துச் சொன்னார்கள். நாம் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

ஹுவாரஸ் அப்பள்ளியை விட்டு நீங்கி, பிறகு சட்டம் படித்து 1834-இல் வழக்கறிஞரானார். சிற்றூர் மக்களுக்காக அவ்வூர்ப் பாதிரியாரை எதிர்த்து வாதாடியதற்காகச் சிறை சென்றார். மாநில ஆளுநரானார், நாடு கடத்தப்பட்டு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் சுருட்டுத் தொழிலாளியாகவும் இருந்தார். 1855-இல் நீதி அமைச்சராய், பாதிரியார்களுக்கும் படையினருக்கும் இருந்த தனி நீதிமன்ற உரிமைகளைக் குறைத்துச் சட்டம் செய்தார். 1858 முதல் 1872-இல் இறக்கும் வரை குடியரசுத் தலைவராக விளங்கினார். பிரெஞ்சுப் படை நாட்டைப் பிடித்து ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியனைப் பேரரசராக அமர்த்தியபோது, அரசாங்கத்தையே தம்மோடு எடுத்துக்கொண்டு வடக்கு எல்லை வரை பின்வாங்கினாரேயன்றிப் பணியவில்லை. 1867-இல் வென்று திரும்பினார். அவ்வாண்டே தொடக்கக் கல்வியைக் கட்டாயமாகவும் ஏழைகளுக்கு இலவசமாகவும் ஆக்கும் சட்டம் வந்தது. ஒன்றை மறைக்கலாகாது. அவர் சார்ந்த சீர்திருத்தக் கட்சியார் 1856-இல் செய்த நிலச் சட்டம், பழங்குடிச் சிற்றூர்களின் பொது நிலங்களையும் கூறுபோட வழி செய்தது. அவருடைய மக்களே அதனால் நிலமிழந்தனர். நம்மவர் ஒருவர் அரியணை ஏறினால் எல்லாம் நலமாகும் என்று நம்பும் இளைஞர்கள் இதையும் படிக்கவேண்டும்.

ஹைத்தித் தீவின் துசான் லூவெர்த்யூர் வரலாறு தனி நூலுக்குரியது. 1791-இல் எழுந்த அடிமைகளின் போர், 1804 ஜனவரி 1-இல் ஒரு சுதந்திர நாட்டையே ஈன்றது. அதற்கு முன்னரே, 1803-இல், துசான் பிரெஞ்சு மலைக்கோட்டைச் சிறையொன்றின் குளிரில் மாண்டுபோனார். 1825-இல் பிரான்சு அந்நாட்டை அங்கீகரிக்க 15 கோடி பிராங்கு கேட்டது. அடிமைகளை இழந்த எஜமானர்களுக்கு, விடுதலை பெற்றவர்கள் கொடுக்கவேண்டிய நட்டஈடு அது! பிறகு அத்தொகையைக் குறைத்தனர் எனினும் அக்கடன் அந்நாட்டைத் தலைமுறை தலைமுறையாய் அழுத்திற்று.

இவர்களெல்லாம் எங்கோ இருந்தவர்கள், நமக்கென்ன என்று கேட்பாரும் உண்டு. மகாத்மா ஜோதிராவ் புலே 1873-இல் தம் 'குலாம்கிரி' நூலை, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்காகத் தன்னலமின்றி உழைத்த அமெரிக்க நன்மக்களுக்கே காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946-இல் கறுப்பினத் தலைவர் டு பாய்சுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்கு அவர்கள் அளித்த விண்ணப்பத்தின் படியைக் கேட்டார். நம் சென்னையிலோ, 1894-இல் அடையாற்றை அடுத்த ஊரூரில் நம் பிள்ளைகளுக்கென முதல் இலவசப் பள்ளியைத் திறந்த கர்னல் ஆல்காட், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபகுதி அரசுக்காகப் பணியாற்றியவர். லிங்கன் கொலை வழக்கின் விசாரணையிலும் பங்குகொண்டவர். 1898-இல் பண்டித அயோத்திதாசர் பௌத்தம் தழுவ இலங்கை சென்றபோது துணை நின்றவரும் அவரே. வழி தேடிப் போனால் உலகம் அவ்வளவு பெரிதன்று.

இறுதியாக ஓர் அம்மையார். மேரி மக்லவுட் பெத்தூன் 1875-இல் தென் கரோலினாவில், அடிமைகளாய் இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்குப் பதினேழு பிள்ளைகளில் பதினைந்தாவதாகப் பிறந்தார். பருத்தி பறித்துக்கொண்டே பள்ளிக்கு நடந்து படித்தார். 1904 அக்டோபரில் புளோரிடாவின் டேட்டோனாவில், கையில் ஒன்றரை டாலரோடு, ஐந்து சிறுமிகளை வைத்துப் பள்ளி தொடங்கினார். மரப்பெட்டிகளே மேசைகள், கரிக்கட்டையே எழுதுகோல், பழச்சாறே மை. சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பலகாரம் விற்றுப் பள்ளியை நடத்தினார். அப்பள்ளி வளர்ந்து இன்று பல்கலைக்கழகமாய் நிற்கிறது. ஒரு குடிசையில் தொடங்கிய எந்தச் சங்கத்தாருக்கும் இந்தக் கணக்கு விளங்கும்.

அவர் 1955-இல் மறைந்தார். 1974 ஜூலை 10-ஆம் நாள், டக்ளஸ் இடம் இருப்பதாகச் சுட்டிய அதே லிங்கன் பூங்காவில் அம்மையாருக்குச் சிலை எழுப்பினர். அவர் நிமிர்ந்து நின்று, ஒரு சிறுவனுக்கும் ஒரு சிறுமிக்கும் தம் உயில் ஏட்டை நீட்டுகிறார். அச்சிலையை வைத்தபோது, மேற்கே பார்த்து நின்ற பழைய லிங்கன் சிலையைப் பெயர்த்து, அவரை நோக்கிக் கிழக்கே திருப்பி வைத்தார்கள். அந்தப் படத்தையும் இப்போது பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம்.