ரீஃப்யூயல்-இயு ஏவியேஷன்

விமான எரிபொருளைப் பசுமையாக்க ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் இயற்றிய சட்டம். ஒன்றியத்து விமான நிலையங்களுக்கு எரிபொருள் தருவோர் அதில் நிலைபேறான எரிபொருளைக் கலந்தாக வேண்டும்: 2025இல் 2%, 2030இல் 6%, 2050இல் 70%. பயன்படுத்திய சமையல் எண்ணெய், விலங்குக் கொழுப்பு, விவசாயக் கழிவு ஆகியவற்றிலிருந்து எடுப்பது கணக்கில் சேரும். உணவு, தீவனப் பயிர்களிலிருந்து எடுப்பது சேராது. பசுமை ஹைட்ரஜனோடு கரியமில வாயுவைச் சேர்த்துத் தயாரிக்கும் செயற்கை எரிபொருளுக்கு 2030 முதல் தனிப் பங்கு உண்டு. 2050இல் அது 35%.

சட்டத்தின் சாமர்த்தியம் வேறோர் இடத்தில் இருக்கிறது. விலை குறைந்த ஊரிலேயே தொட்டியை நிரப்பி வந்து விமான நிறுவனங்கள் நழுவிவிடலாம் அல்லவா? அதைத் தடுக்க, ஒன்றியத்து நிலையத்திலிருந்து புறப்படும் விமானங்களுக்கு ஆண்டுதோறும் தேவைப்படும் எரிபொருளில் 90 விழுக்காட்டையாவது அங்கேயே நிரப்பவேண்டும் என்றது. கலப்பில் குறைவைக்கும் வழங்குநருக்கு அபராதம், வழக்கமான எரிபொருளுக்கும் நிலைபேறான எரிபொருளுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைப் போல் குறைந்தது இருமடங்கு. கட்டினாலும் தப்ப முடியாது. விட்ட அளவை மறு ஆண்டு ஈடுசெய்யவேண்டும்.