தன்பாலீர்ப்பு நெறிமை: ஒரு சொல்லின் வரலாறு

ஒரு சொல் அச்சேறிய ஆண்டே அது பிறந்த ஆண்டு எனக் கொள்வது சொல்லாராய்ச்சியில் நேரும் பிழைகளுள் ஒன்று. ஆங்கிலத்தில் 'ஹோமோநார்மேட்டிவிட்டி' என வழங்கும் சொல் இதற்குத் தக்க சான்றாகும். அதனை ஈண்டுத் 'தன்பாலீர்ப்பு நெறிமை' என்போம்.

இச்சொல்லுக்கு இணையான சொல் ஒன்று உண்டு. ஆண் பெண் உறவே இயல்பு, ஏனைய திரிபு எனச் சமுதாயம் கொள்ளும் நிலையை மைக்கேல் வார்னர் 1991இல் 'ஹெட்டிரோநார்மேட்டிவிட்டி', அஃதாவது எதிர்பாலீர்ப்பு நெறிமை, என்றார். பின்னர் 2002, 2003ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அறிஞர் லிசா டகன் தன்பாலீர்ப்பு நெறிமையை விளக்கினார். அந்நெறியையும் அதன் அமைப்புகளையும் வினவாது ஏற்று, இல்லறத்திலும் நுகர்விலும் அமைதி காணும் தன்பாலீர்ப்பினர் அரசியலை அவர் அச்சொல்லாற் சுட்டினார். இன்று பெரிதும் வழங்கும் பொருள் இதுவே.

எனினும், சூசன் ஸ்டிரைக்கர் 2008இல் எழுதிய கட்டுரை வேறொரு வரலாற்றைக் காட்டுகின்றது. 1990களின் தொடக்கத்திலேயே சான்பிரான்சிஸ்கோவில் திருநர் இயக்கத்தார் இச்சொல்லை ஆண்டனர் என்கிறார் அவர். தன்பாலீர்ப்பினர் வழக்கே அளவுகோலாகித் தம்மை ஒதுக்கியதனை அவர்கள் அதனாற் குறித்தனர்.

இஃது இயக்கத்திற் பங்கு கொண்ட ஒருவரின் நினைவே அன்றோ எனின், அவ்வையம் பொருத்தமுடையதே. ஆயின், சொல் சுட்டும் நிகழ்ச்சிக்குப் பிற சான்றுகள் உள. 1973இல் நியூயார்க்கு நகரில் தன்பாலீர்ப்பினர் விடுதலைநாட் கூட்டம் நடந்தது. அங்குச் சிறையில் அல்லலுறும் தம்மனையோர்க்காகப் பேச எழுந்த சில்வியா ரிவேராவைக் கூட்டத்தினர் பலர் கூச்சலிட்டு இகழ்ந்தனர். 2007இல் வேலையிற் பாகுபாட்டைத் தடுக்கும் மசோதாவினின்று பாலின அடையாளம் நீக்கப்பட்டது. தன்பாலீர்ப்பினர்க்குரிய காப்பு மட்டும் அமெரிக்கக் கீழவையில் நிறைவேறியது. அதுவும் சட்டமாகவில்லை.

ஆகவே, மணம் புரிய விழையும் தனியொருவரைப் பழிக்கும் சொல்லாக இதனைக் கொள்ளுதல் தவறு. ஒதுக்கப்பட்டோர் தமக்குள்ளும் ஒரு நெறி வகுத்துச் சிலரை ஒதுக்கும் நிலையையே இரு பொருள்களும் வெவ்வேறு வகையில் உணர்த்துகின்றன. பின்னைய பொருளை மட்டும் ஏற்போமாயின், தமக்கு நேர்ந்த ஒதுக்கலைக் கூற வழங்கிய சொல்லின் வரலாற்றிலிருந்தும் திருநரை ஒதுக்கியவராவோம்.