கள்ளத்தோணி என்று யாரைச் சொல்கிறோம்?

மாமல்லபுரம் கடைத்தெருவில் களப்பணிக்குப் போகும்போது ஒரு பேச்சு அடிக்கடி நம் காதில் விழுகிறது. "முறையா வந்தா யாரு வேணாம்னாங்க? திருட்டுத்தனமா வர்றவங்களாலதான் பிரச்சனை." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விசா முடிந்தும் தங்கிவிட்ட வெள்ளைக்காரரைப் பற்றி யாரும் இப்படிப் பேசுவதில்லை. வங்காளம் பேசும் சித்தாளிடம்தான் ஆதார் கேட்கிறார்கள். "முறை" என்பதை யார், எப்போது, யாருக்காக எழுதினார்கள் என்று நம் வரலாற்றிலிருந்தே பார்ப்போம்.

செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891-இல் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். பஞ்சமி நில ஆணைக்கு வழிவகுத்தது அதுதான். நிலமில்லை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை. இப்படிப்பட்ட சேரிகளிலிருந்துதான் நம் முன்னோர் கப்பலேறினார்கள். 1860-இல் மதராஸ் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்குப் புறப்பட்ட ட்ரூரோ கப்பல் முழுக்கச் சட்டப்படியானது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும், அதனால் கதவு திறந்திருந்தது. ஒப்பந்தம் முடிந்து சுதந்திர மனிதராக அங்கேயே வாழ நினைத்தபோது, 1895-இல் ஆண்டுக்கு 3 பவுன் வரி போட்டார்கள். கூலியாக இருந்தவரை சட்டபூர்வம், குடிமகனாக வாழ நினைத்தால் வேண்டாதவன். 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் அந்த வரி ஒழிந்தது.

இலங்கையிலும் இதுவே நடந்தது. கங்காணிகள் திரட்டிக் கொண்டுபோன தோட்டத் தொழிலாளரில் பெரும்பகுதி பள்ளர், பறையர், அருந்ததியர். காட்டை அழித்துக் காப்பியும் தேயிலையும் வளர்த்தவர்கள். 1947 தேர்தலில் வாக்களித்த அம்மக்களை 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. அவர்கள் எங்கும் நகரவில்லை. சட்டம்தான் நகர்ந்தது. "கள்ளத்தோணி" என்ற தமிழ்ச் சொல் அங்கே அவர்கள்மேல் வசையாக விழுந்தது. அதைச் சிங்களவர் மட்டும் சொல்லவில்லை, சாதித் தமிழரும் சொன்னார்கள்.

1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் பார்த்துப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அம்மக்களை யாரும் கேட்கவில்லை. இந்தியக் கடவுச்சீட்டோடு வந்தவர் "தாயகம் திரும்பியோர்" ஆனார். காத்திருந்த காலத்தில் 1983 கலவரத்துக்குத் தப்பிப் படகேறி வந்த அவருடைய உறவினர் "அகதி" ஆனார். ஒரே லயம், ஒரே பாட்டன். ஒருவருக்குக் குடியுரிமை, இன்னொருவருக்கு முகாம். இதே செங்கல்பட்டில் ஒரு சிறப்பு முகாமே இருந்தது.

2003-இல் திருத்தப்பட்ட இந்தியக் குடியுரிமைச் சட்டம், உரிய ஆவணமின்றி நுழைந்தவர்களை "சட்டவிரோதக் குடியேறி" என்றது. குண்டுக்குத் தப்பி ஓடியவர் எந்த அலுவலகத்தில் விசா வாங்கியிருப்பார்? 2004 டிசம்பர் 3-க்குப் பின் இங்கே பிறந்த குழந்தையாக இருந்தாலும், பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்றால் அது பிறப்பால் குடிமகன் ஆகாது. 2019 திருத்தம் மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு அந்தப் பெயரை நீக்கியது. அதில் முஸ்லிம்கள் இல்லை. அந்த மூன்று நாடுகளில் இலங்கையும் இல்லை. அதே ஆண்டு ஜூனில், திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருந்த மலையகத் தமிழரின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. 2021-இல் தமிழக அரசு அகதி முகாம்களை "மறுவாழ்வு முகாம்" என்று பெயர் மாற்றியது. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்தவர்களுக்குத் தண்டனையிலிருந்து விலக்கு என்று 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு ஆணையிட்டது. தண்டனை இல்லை, சரி. குடியுரிமை?

எல்லையில் சட்டமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சட்டம் ஒருவரை உள்ளே விடுவதும் வெளியே தள்ளுவதும் அவருடைய நேர்மையைப் பார்த்து அல்ல, அவருடைய உழைப்பு தேவைப்படுகிறதா என்பதைப் பார்த்துத்தான் என்கிறோம். சேரிக்குள்ளேயே பட்டாவும் சாதிச் சான்றும் இல்லாமல் தலைமுறைகளாக அலைந்தவர்கள் நாம். காகிதம் இல்லாதவன் குற்றவாளி என்று மற்றவர் சொல்லலாம், நாம் சொல்லக்கூடாது. அடுத்த முறை டீக்கடையில் "முறையா வந்தானா?" என்ற கேள்வி எழும்போது, "உன் பாட்டனைக் கப்பலேற்றியது எந்த முறை?" என்று திருப்பிக் கேட்போம்.