புகையும் நுரையீரலும்: ஒரு நூற்றாண்டு வரலாறு

புற்றுநோய்களுள் இன்று உலகில் மிகுதியான உயிர்களைக் கவர்ந்து செல்வது நுரையீரல் புற்றுநோயேயாகும். ஆனால், நூறாண்டுகளுக்கு முன்னர் இந்நோயைக் கண்ணால் கண்ட மருத்துவர்களே மிகச் சிலர். 1912-இல் நியூயார்க் மருத்துவர் ஐசக் ஆட்லர் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பல நாட்டு மருத்துவ ஏடுகளைத் துருவியும் 374 நோயாளிகளின் குறிப்புகளையே அவரால் திரட்ட முடிந்தது. இத்துணை அரிய நோய்க்குத் தனி நூல் வேண்டுமா என்று அவரே ஐயுற்றார்.

அரிதாயிருந்த நோய் பெருகியது எவ்வாறு? 1881-இல் அமெரிக்காவில் பான்சாக் என்பவர் சிகரெட் சுற்றும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கையால் சுற்றப்பட்ட பொருள் மலிந்து குவிந்தது. முதல் உலகப்போர் அதைப் படைவீரர்களின் அன்றாடப் பழக்கமாக்கியது. புகைக்கத் தொடங்கியவனை நோய் உடனே பற்றுவதில்லை. இருபது, முப்பது ஆண்டுகள் காத்திருந்து பற்றுகிறது. ஆகவேதான் காரணம் எளிதில் புலப்படவில்லை. தார்ச்சாலைகளின் மீதும் மோட்டார் வண்டிகளின் மீதும் ஐயம் விழுந்தது.

1933 ஏப்ரலில், செயின்ட் லூயிஸ் நகரில், எவார்ட்ஸ் கிரஹாம் என்னும் அறுவை மருத்துவர், புற்றுநோயுற்ற ஒருவரின் இடப்புற நுரையீரலை முழுமையாக அகற்றி உயிர் பிழைக்கச் செய்தார். மருத்துவ உலகம் வியந்தது. அந்த நோயாளியும் ஒரு மருத்துவரே. ஒற்றை நுரையீரலுடன் அவர் மேலும் 30 ஆண்டுகள் வாழ்ந்தார்.

கிரஹாம் தாமே சிகரெட் பிரியர். புகையே இந்நோய்க்குக் காரணம் என்பதை அவர் ஏற்கவில்லை. எனினும், அதை ஆராய விரும்பிய எர்ன்ஸ்ட் விண்டர் என்ற மாணவருக்கு அவர் தடை சொல்லவில்லை, துணை நின்றார். 1950-இல் இருவரும் 684 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டனர். அவர்கள் கணக்கிட்ட 605 ஆண்களில் 100-க்கு 96 பேருக்கு மேல் மிகுதியாகப் புகைத்தவர்கள். அதே ஆண்டில் இலண்டனில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் அதே முடிவுக்கு வந்தனர். கிரஹாம் தம் கருத்தை மாற்றிக்கொண்டார், பழக்கத்தையும் விட்டார். ஆயினும் காலம் கடந்துவிட்டது. 1957-இல் அதே நோய்க்கே அவர் இரையானார். அவர் காப்பாற்றிய நோயாளியோ அவருக்குப் பின்னும் ஆறாண்டுகள் உயிர் வாழ்ந்தார்!

டாலும் ஹில்லும் 1951 முதல் பிரிட்டிஷ் மருத்துவர்களிடம் வினாத்தாள் அனுப்பி, அவர்களின் வாழ்வைத் தொடர்ந்து கணக்கெடுக்கச் செய்தனர். ஐம்பதாண்டு முடிவு 2004-இல் வெளிவந்தது. புகைத்தவர்கள் ஏறத்தாழ 10 ஆண்டு ஆயுளை இழந்தனர். முப்பது வயதில் விட்டவர்கள் அவ்விழப்பை ஏறக்குறைய முற்றிலும் தவிர்த்தனர். அறுபதில் விட்டவர்களும் மூன்றாண்டுகளை மீட்டனர். விடுவதற்குக் காலம் கடந்துவிட்டது என்று எவரும் சொல்வதற்கில்லை.

மருத்துவமும் கிரஹாம் காலத்தோடு நின்றுவிடவில்லை. நோய் ஓரிடத்தில் அடங்கியிருந்தால் அறுவை. பரவியிருந்தால் கதிர்வீச்சும் மருந்தும். கட்டியிலிருந்து சிறு துணுக்கெடுத்து, அதன் மரபணு மாற்றத்தை அறிந்து, அதற்கேற்ற மாத்திரை தரும் முறையும் இந்நூற்றாண்டில் வந்துவிட்டது. கடும் புகைப்பழக்கம் உடையோரைக் குறைந்த கதிரளவு கொண்ட சி.டி. ஸ்கேன் மூலம் ஆண்டுதோறும் சோதித்தால் இந்நோயால் நேரும் இறப்பு 100-க்கு 20 குறைகிறது என்று 2011-இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

நம் நாட்டில் ஒரு தனி இடர் உண்டு. விடாத இருமல், சளியில் இரத்தம், உடல் மெலிவு ஆகியன காசநோய்க்கும் பொது. எனவே, காசநோய் மருந்திலேயே மாதங்கள் கழிந்து, நோய் முற்றிய பின் உண்மை தெரிவதும் நேர்கிறது. மருந்துக்கு இருமல் அடங்காவிடில், மேற்சோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் தயங்காது கேட்க வேண்டும். புகைக்காதவரையும் இந்நோய் தொடுவதுண்டு. ஆகவே நோயுற்றவரைப் பழிப்பது முறையன்று.

தம் கருத்துக்கு மாறான கணக்கையும் மறைக்காது வெளியிட்டவர் கிரஹாம். அவர் விட்டுச்சென்ற அந்தக் கணக்கு நம் இல்லத்து இளைஞர்களின் கையில் முதல் சிகரெட்டோ பீடியோ ஏறுமுன் அவர்கள் செவிக்கு எட்ட வேண்டும். எட்டச் செய்வது நம் பொறுப்பு.